வெள்ளைத் துணியில் மூன்று கட்டு

2025 ஒக்டோபர் 16, வியாழக்கிழமை முற்பகல், மருதமுனையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றுக்குள் பொலிஸ் ஜீப் வந்து, பச்சைக் கேற் போட்ட வீட்டின் முன்னால் நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் பெண். ஒருவர் கையில் மண்வெட்டி இருந்தது.

மண்வெட்டி அம்ஹாவின் கண்ணில் படவில்லை. அவள் கண்டது காக்கிச் சட்டையை மட்டும்தான்.

பின் அறையில் ஜன்னலோர மேசையில் வெள்ளைத் துணிப்பொதி ஒன்றை வைத்து, பக்கத்தில் அளவுகோலையும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கேற் திறக்கும் சத்தத்தில் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். அடுத்த கணம் பொதியைத் தூக்கி அலுமாரிக்குள் நிமிர்த்தி வைத்துவிட்டாள். நிமிர்த்தி வைக்கக் கூடாது, முழுப் பாரமும் நுனியில் இறங்கும் என்று பழம்பொருள் பேணும் படிப்பின் முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அபாயா இரண்டை அதன் மேல் இழுத்து விட்டுக் கதவைச் சாத்தினாள். சாவி திரும்பவில்லை. அந்த அலுமாரிக்குச் சாவி வேலை செய்யாமல் போய்க் கனகாலம்.

பொதிக்குள் இருந்தது ஒரு வாள்.

வெட்டுகிற வாள் அல்ல. கடற்கரைப் பழைய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்துக்காக மிம்பர் மேடையில் ஏறும் கதீப், பாங்கு சொல்லும் மோதினார் கையிலிருந்து வாங்கி, நுனியைத் தரையில் ஊன்றிப் பிடித்தபடி நின்று ஓதும் வாள். கட்டையானது. முனை மழுங்கியது. சுனாமி பள்ளியைக் கொண்டுபோய், வாளை மட்டும் மணலுக்குள் விட்டுவிட்டுப் போயிருந்தது.

2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களில், திரும்பக் கட்டிய பள்ளியின் நிர்வாகத்தார் கூடினார்கள். கறிக்கத்தியைக்கூட ஒளித்து வைத்த காலம் அது. வாளைக் கடலில் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அந்த வேலை அம்ஹாவின் வாப்பா மீராமுகைதீன் மரைக்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சாக்கில் சுற்றிய பொருளோடு தோணியில் ஏறிப் போனார். கரையில் நின்றவர்கள் பார்த்திருக்க, அலைக்கு அப்பால் அதைப் போட்டுவிட்டு வந்தார்.

அவர் போட்டது ஓர் இரும்புக் குழாய். வாள் அன்று முதல் அவருடைய நெல் அறையில் மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. மனைவிக்கும் இரண்டு மகள்மாருக்கும் மட்டுமே அது தெரியும்.

அதை வெளியே எடுக்க வைத்தது அம்ஹாவின் படிப்பு. பிரதேச செயலகத்தில் கலாசாரப் பகுதியில் வேலை செய்யும் அவள், நூதனசாலைப் பணிக்கான பட்டப்பின் டிப்ளோமாவுக்காக வார இறுதிகளில் கொழும்புக்கு பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஊரில் நூதனசாலையே இல்லை, படித்துவிட்டு எங்கே போய் உட்காரப் போகிறாள் என்று கட்டாரிலிருந்து கணவன் இன்பாஸ் கேட்பான். பழைய சாமான் வாங்குகிற தராசுக்காரனுக்கும் பட்டம் கொடுக்கிறார்களா என்று தங்கை பஸ்மினா கேட்பாள். அம்ஹா அடுத்த வாரமும் பஸ் ஏறுவாள்.

கடைசிச் செயன்முறைக்கு ஒவ்வொரு மாணவரும் தன் ஊரில் புழங்கிய பொருள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அதைச் சுத்தம் செய்து, அதன் நிலையைக் குறித்து, முறைப்படி பொதி செய்து, படங்களோடு சனிக்கிழமை ஆசிரியர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். பொருள் போகத் தேவையில்லை, படம் போதும். வாரக் கணக்காக வாப்பாவைக் கெஞ்சி, போன வாரம்தான் சம்மதம் வாங்கியிருந்தாள். ஊர்ப் பேரும் பள்ளிப் பேரும் எங்கேயும் வரக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார்.

பொதியை நெல் அறையிலேயே செய்து முடித்திருந்தாள். ஆனால் இன்று விதைநெல் ஏற்ற ஆட்கள் வருகிறார்கள், சாமானை உன் வீட்டுக்குக் கொண்டு போய்விடு என்று விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்த வாப்பா அவசரப்படுத்தினார். அவள் கலியாணத்தோடு பெரிய வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் பஸ்மினாவோடு எதிரேயுள்ள சின்ன வீட்டுக்கு மாறியிருந்தார்கள். ஒழுங்கையைக் கடந்தால் போதும்.

அவள் கடந்தாள். பொருளை ஒரு கையால் தூக்கக் கூடாது என்பதால் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, நெஞ்சோடு அணைத்து, காலைப் பார்த்துப் பார்த்து வைத்துக் கடந்தாள்.

பக்கத்து வீட்டு நாச்சியா மாமி வாசல் கூட்டிக்கொண்டிருந்ததை அவள் கண்டாள். சலாமும் சொன்னாள். மாமி பதில் சலாம் சொல்லாமல் விளக்குமாற்றோடு நின்றது, அப்போது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

இப்போது விறாந்தையில் ஏறி நின்ற சார்ஜன்ட் குணம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். பக்கத்து ஊரான பாண்டிருப்புக்காரர். வாப்பாவைத் தெரிந்தவர். அந்த முகத்தைக் கண்ட அம்ஹா, தெரிந்த மனிதரை அனுப்பியிருக்கிறார்கள் என்றால் தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

“தங்கச்சி, பயப்பட ஒண்டுமில்ல. பின் வளவ ஒருக்காப் பாக்கோணும்.”

“என்னத்துக்கு சேர்?”

பின்னால் நின்ற இளம் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். குணம் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

“ஒரு குழந்தைட பிரேதம் இந்த வீட்டுக்கு வந்ததெண்டு தகவல் கிடைச்சிருக்கு. விடியப்பறம்.”

அம்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. வாள் இல்லை, வாளைத் தேடி வரவில்லை.

பிறகு அவளுக்கு விளங்கிற்று.

பொதிக்குக் கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணி எடுக்கச் சொல்லியிருந்தார்கள், சாயம் போடாதது. ஊரில் அது, இறந்தவர்களைச் சுற்றும் கபன் புடவை விற்கிற கடையில்தான் கிடைக்கும். அங்கேதான் வாங்கினாள், பஞ்சும் அங்கேதான். எந்த வீட்டில் மௌத்து என்று கடைக்காரர் கேட்டார். மௌத்து இல்லை, படிப்புக்கு என்று சொன்னாள். அவர் அவளைப் பார்த்த பார்வை இப்போது ஞாபகம் வந்தது.

வாளின் பிடியும் நுனியும் அடிபடாமல் பஞ்சு வைத்து உருட்டினாள். ஊசி குத்தக் கூடாது, நாடாவால் மெல்லக் கட்டுங்கள் என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். எத்தனை இடத்தில், எந்த இடத்தில் என்று யாரும் சொல்லவில்லை. தலைமாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று அவள் கை தானாகக் கட்டிற்று. பெரியம்மா மௌத்தானபோது பக்கத்தில் நின்று அவள் கண்ட கட்டு அது. வேறு கட்டு அவள் கைக்குத் தெரியாது.

அந்தப் பொதியைத்தான், கலியாணமாகாத தங்கை இருக்கும் வீட்டிலிருந்து, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

பின் வளவில் புது மண் கிளறிக் கிடந்தது. நேற்று வாப்பா தென்னங்கன்று வைத்த குழி. மண்வெட்டிக்காரர் கேட்காமலே அதைக் கண்டுபிடித்தார்.

தோண்டத் தொடங்கியதும் ஊர் வந்துவிட்டது. சுவருக்கு மேலே தலைகள். கேற்றடியில் தலைகள். நாச்சியா மாமி மட்டும் தன் பக்கத்துச் சுவரில், முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு, அழுதபடி நின்றாள். தகவல் சொன்னது அவள்தான் என்பதை அவள் மறைக்கவில்லை. பிள்ளைப் பாவம் ஊரில் இறங்கும், அதனால்தான் சொன்னேன், எனக்கு இந்த வீட்டில் ஒரு கோபமும் இல்லை என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்லவில்லை என்பது அம்ஹாவுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

எதிர் வீட்டிலிருந்து உம்மா முனவ்வறாவும் பஸ்மினாவும் கூட்டிக்கொண்டு வரப்பட்டார்கள். பஸ்மினா நுளம்பு கடித்து டெங்குக் காய்ச்சலில் கிடந்து எழும்பி இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை. கொழும்பில் வேலை செய்த இடத்திலிருந்து வந்த நாள் முதல் வாசலுக்கு வராதவள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பெண் கொன்ஸ்டபிள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சுவரில் இருந்த தலைகளும் பார்த்தன. பிள்ளை பெற்றவள் இப்படித்தான் இருப்பாள் என்று அவர்கள் நினைப்பது அம்ஹாவின் காதில் விழுவது போலிருந்தது.

என்ன விஷயம் என்று தெரிந்ததும் பஸ்மினா ராத்தா அம்ஹாவின் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“எனக்குப் புள்ளையாம். நுளம்புக்குப் பொறந்ததாக்கும்.”

“வாய மூடுகா.”

“ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்தின சீட்டுக் கிடக்கு. அதக் காட்டினா?”

காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். காய்ச்சல் இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி, மற்றதற்கு அல்ல என்று குணம் மொழிபெயர்த்தார்.

குழியில் தென்னங்கன்றைத் தவிர ஒன்றும் இல்லை. வேரோடு பிடுங்கி எடுத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழேயும் தோண்டிப் பார்த்தார்கள். கடல் மண். தண்ணீர் ஊறிற்று.

அம்ஹா அப்போது மூச்சு விட்டாள். இனிப் போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

இன்ஸ்பெக்டர் போகவில்லை. காலையில் கொண்டு வந்த சாமான் என்ன என்று கேட்டார். புடவைத் துணி என்றாள் அம்ஹா. காட்டச் சொன்னார். மிச்சம் கிடந்த வெள்ளைத் துணியைக் கொண்டு வந்து காட்டினாள். அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

நாச்சியா மாமி தலையை ஆட்டினாள்.

“அது இல்ல. நான் ரெண்டு கண்ணாலயும் கண்டன். மூண்டு கட்டு. தலைக்கும் இடுப்புக்கும் காலுக்கும். உள்ளுக்கு ஒண்டு கிடந்த பொதி.” பிறகு அம்ஹாவைப் பார்த்து, “மகள், அல்லாஹ்வுக்காக எடுத்துக் குடுத்துடுகா. ஜனாஸாவ ஒளிக்கக் கூடா,” என்றாள்.

இன்ஸ்பெக்டரும் குணமும் ஒதுங்கி நின்று பேசினார்கள். திரும்பி வந்த குணம், வாசிப்பதைப் போலச் சொன்னார். வீட்டைச் சோதிக்க நீதிமன்ற உத்தரவு எடுத்துக்கொண்டு பின்னேரம் வருவார்கள். அதற்கு முன்னால் சின்னவளைச் சட்ட வைத்தியரிடம் காட்ட வேண்டும். இப்போதே, ஜீப்பில்.

உம்மா பஸ்மினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பிடித்த பிடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கட வாகனத்தில கொண்டு வாறம், சேர். ஜீப்பில வேணா. கலியாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்காங்க புள்ளய. சம்மாந்துறையில இருந்து.”

“எனக்கு விளங்குது தாயே. ஆனா ஜீப்பிலதான்.”

பஸ்மினா குனிந்து உம்மாவின் கையை விடுவிக்கப் பார்த்தாள். குனிந்த சாக்கில் அம்ஹாவின் காதருகே வந்தாள். பயந்த குரல் இல்லை, அவசரக் குரல்.

“நான் போறன். டொக்டர் பாத்தா ஒண்டுமில்லெண்டு வரும், முடிஞ்சிது. இவங்க போனதும் பின் சுவரால பாய்ஞ்சு, கொண்டு போய்க் கடல்ல போட்டுடு. வாப்பா அண்டைக்குச் செய்திருக்கோணும்.”

அது நடக்கக்கூடிய காரியம். கடல் நாலு வளவுக்கு அப்பால். பின்னேரம் அவர்கள் வரும்போது அலுமாரிக்குள் அபாயாக்கள் மட்டும் இருக்கும். வாப்பா தப்புவார். பள்ளியும் தப்பும். அம்ஹா மனதுக்குள் சுவரை ஏறிக் குதித்துக்கூட விட்டாள்.

பெண் கொன்ஸ்டபிள் பஸ்மினாவின் முழங்கையைப் பிடித்தாள். முரட்டுத்தனமாக அல்ல, விழுந்துவிடுவாள் என்று பிடித்தாள். பஸ்மினா நடந்தாள். கேற்றடியில் நின்றவர்கள் வழி விட்டார்கள். யாரோ ஒருவன் கைபேசியை உயர்த்தினான். ஜீப்பின் பின்படியில் பஸ்மினா ஒரு காலை வைத்தாள். மற்றக் காலைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை.

வைத்தியர் எழுதிக் கொடுக்கும் கடதாசியை இந்த ஒழுங்கையில் எத்தனை பேர் வாசிப்பார்கள்? கைபேசியில் இருப்பதை எல்லாரும் பார்ப்பார்கள்.

“இறக்குங்க அவள,” என்றாள் அம்ஹா. “நான் காட்டுறன்.”

உள்ளே போனாள். அலுமாரியைத் திறந்தாள். அபாயாக்களை விலக்கிவிட்டு, பொதியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். காலையில் நடந்ததைப் போலவே நடந்தாள்; வேறு விதமாக அதைத் தூக்க வரவில்லை. நாச்சியா மாமி சுவரில் நின்று, மௌத்துக்கு ஓதும் ‘இன்னாலில்லாஹி’ சொல்வது கேட்டது. ஆண்கள் சிலர் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார்கள்.

விறாந்தை மேசையில் கிடத்தினாள். கால்மாட்டுக் கட்டை அவிழ்த்தாள். நடுக்கட்டை அவிழ்த்தாள். தலைமாட்டுக் கட்டு விரலுக்கு வசப்படவில்லை; குணம் கை நீட்டினார், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். துணியை இரண்டு பக்கமும் விரித்து, பஞ்சை எடுத்தாள்.

வாள் கிடந்தது. அவளே துடைத்துத் துடைத்து ஏற்றிய மெல்லிய பளபளப்போடு கிடந்தது.

முதலில் நாச்சியா மாமிதான் வாயைத் திறந்தாள். “அல்ஹம்துலில்லாஹ், புள்ள இல்ல,” என்றாள். மகிழ்ந்துதான் சொன்னாள். பிறகு அவளுடைய முகம் மெல்ல மாறிற்று. சுவரிலிருந்து இறங்கிவிட்டாள். ஒவ்வொரு தலையாக இறங்கிற்று. கைபேசிக்காரனும் இல்லை. செத்த பிள்ளையைப் பார்க்க நின்ற ஊர், வாளைப் பார்க்க நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த கதவும் சாத்தும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் ஓரடி பின்னால் போனார். அவர் கை இடுப்புக்குப் போய்த் திரும்பியதை அம்ஹா கண்டாள். அவரும் பயந்துதான் போனார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். படிப்பு, செயன்முறை, சனிக்கிழமை. மாணவர் அட்டையைக் கொண்டு வந்து காட்டினாள். கைபேசியில் கிடந்த படங்களைக் காட்டினாள். துரு எங்கே, கீறல் எங்கே, முனை எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்று எல்லாம் படமாக இருந்தன. சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. குணம் மொழிபெயர்க்க, இன்ஸ்பெக்டர் இடைமறிக்காமல் கேட்டார். கடைசியில்தான் கேள்வி கேட்டார். யாருடையது?

“என்ட.”

“எங்க எடுத்த?”

அதையும் இன்ஸ்பெக்டர் கேட்க, குணம்தான் தமிழில் சொன்னார்.

குணம் மொழிபெயர்ப்பதைப் போன்ற அதே குரலில், அவளுக்கு மட்டும் சொன்னார். “தங்கச்சி, உங்கடயெண்டு சொன்னா உங்களத்தான் ஏத்தோணும். யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க நேரம் இருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வயலில் நின்ற மீராமுகைதீனுக்கு யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். சாரத்தை மடித்துக் கட்டியபடி, முழங்கால் வரை சேறோடு வந்து இறங்கினார். மேசையைப் பார்த்தார். விரித்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். பஸ்மினா ஜீப்பில் இல்லை, உம்மாவின் மடியில் சாய்ந்து கிடக்கிறாள் என்பதையும் பார்த்துக்கொண்டார்.

“அது அவட இல்ல. கடற்கரைப் பள்ளிட வாள். குத்பாக்குப் புடிக்கிறது. நான்தான் வெச்சிருந்தன்.”

“வாப்பா, நீங்க கதைக்காதீங்க.”

“நீ உள்ளுக்குப் போ மகள்.”

அவள் போகவில்லை.

பள்ளியுடையது என்றால் பள்ளித் தலைவர் வந்து சொல்லட்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அது நல்ல அறிகுறி போலத்தான் அம்ஹாவுக்குப் பட்டது. தலைவர் ஷரிபுதீன் ஹாஜியாருக்கு ஆள் போயிற்று. காத்திருந்த நேரத்தில் பொலிஸார் யாரும் உட்காரவில்லை. உம்மா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குணம் மட்டும் வாங்கிக் குடித்தார்.

ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சாரம், தொப்பி, கையில் குடை. சலாம் சொன்னார். மேசையருகே போய்க் குனிந்து பார்த்தார்.

அவர் பார்த்தது வாளின் பிடியை. பிடியில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. வாளைவிடப் புதிய கம்பி. யார் சுற்றியது என்று போன வாரம் அம்ஹா கேட்டபோது வாப்பா சொன்னார்: சுனாமிக்குப் பிறகு, இடிந்த பள்ளிப் படியில் உட்கார்ந்து, கரையொதுங்கிய மோட்டாரின் கம்பியை உரித்துத் தன் கையாலேயே சுற்றியவர் ஷரிபுதீன். அப்போது அவர் தலைவர் இல்லை. மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் போக்கிடம் இல்லாமல் பள்ளிப் படியில் உட்கார்ந்திருந்தவர்.

ஹாஜியாரின் விரல் பிடிக்குக் கிட்டப் போயிற்று. தொடவில்லை.

“இது உங்கட பள்ளிட வாளா, ஹாஜியார்?” என்று குணம் கேட்டார்.

ஹாஜியார் குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். அவரும் ஒரு வீட்டின் தகப்பன். பள்ளியில் அவரோடு சேர்த்துப் பதினொரு பேர் நிர்வாகத்தில் இருக்கிறார்கள். ஓம் என்று சொன்னால் எல்லார் வீட்டு வாசலிலும் ஜீப் நிற்கும். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது சொல்வதற்கு முன்பே அம்ஹாவுக்குத் தெரிந்துவிட்டது.

“எங்கட பள்ளிட வாள் கடலுக்குப் போயிட்டு. ஆறு வருசமாச்சு. கரையில நிண்டு நான் கண்டவன். இவர்தான் கொண்டு போனவர், இவர்ட்டக் கேளுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “இது எனக்குத் தெரியா,” என்றார்.

“ஹாஜியார், அந்தப் பிடியில...” என்று தொடங்கினாள் அம்ஹா.

“மகள்.”

வாப்பா சத்தம் போடவில்லை. ஆனாலும் அவள் நிறுத்திவிட்டாள்.

மீராமுகைதீன் ஹாஜியாரை நிமிர்ந்து பார்த்தார். ஹாஜியாரும் பார்வையை எடுக்கவில்லை. இருவரும் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சிநேகிதர்கள். அந்த நேரத்தில் இருவருக்கிடையில் என்ன போயிற்று என்பதை அம்ஹா எவ்வளவு யோசித்தும் பிறகு சரியாகச் சொல்ல முடியவில்லை. கோபம் இல்லை. அதைவிட மோசமான ஏதோ ஒன்று.

“அவர் சொல்றதுதான் சரி, சேர்,” என்றார் மீராமுகைதீன். “பள்ளிட இல்ல. என்ட.”

குணம் அதை மொழிபெயர்க்க நேரம் எடுத்தார். இன்ஸ்பெக்டர் எழுதினார். ஹாஜியார் வந்த வழியே போனார். போகும்போது சலாம் சொல்லவில்லை.

வாப்பா சேற்றுக் காலைக் கழுவ வேண்டும் என்று கேட்டார். அனுமதித்தார்கள். கிணற்றடியில் உம்மா தண்ணீர் ஊற்ற, அவர் காலைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், முழங்கை வரை கழுவினார். விதைநெல் ஊறப் போட்டிருக்கிறது, நாளைக்கு எடுத்து முளைக்கட்ட ஆள் வேண்டும், வயலில் நிற்கும் றிம்சானுக்குச் சொல்லுங்கள் என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாளைத் துணியோடு சேர்த்துத் தூக்கப் போன, மண்வெட்டி கொண்டு வந்த கொன்ஸ்டபிளிடம், ஒரு கையால் தூக்க வேண்டாம் என்று அம்ஹா சொன்னாள். சொல்லிவிட்டுத் தன்னையே வெறுத்தாள். அவன் அதைக் கேட்கவுமில்லை. பிடியில் பிடித்து, கம்பு தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனான்.

ஜீப் கிளம்புவதற்கு முன் குணம் கேற்றடியில் அவளுக்காக நின்றார்.

“இது பழைய பொருள், ஆயுதமில்லையெண்டு தெரிஞ்ச ஆக்கள் ஆராச்சும் எழுதித் தந்தா, கோட்டில வேற கதை. உங்கட படிப்பு ஆக்கள் இருக்காங்கதானே?”

“இருக்காங்க. ஆனா எங்க இருந்து வந்ததெண்டு கேப்பாங்க, சேர். அதுதான் அவங்க முதல் கேள்வி.”

“அப்ப சொல்லுங்க.”

“சொன்னா ஹாஜியார்ட பேர் வரும். பள்ளி முழுக்க வரும்.”

குணம் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் முன் இருக்கையில் ஏறினார்.

அவளுடைய கைபேசியில் பிடியின் படம் பல கோணங்களில் இருந்தது. செப்புக் கம்பியின் ஒவ்வொரு சுற்றும் தெளிவாக விழுந்திருந்தது. கட்டாரிலிருந்து இன்பாஸ் அழைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் யாரோ எதையோ அனுப்பியிருக்கிறார்கள். அவள் எடுக்கவில்லை.

பஸ்மினாவை வைத்தியப் பரிசோதனைக்குக் கொண்டு போகவில்லை. மீராமுகைதீன் அன்று வீடு திரும்பவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவர் நீதிவான் முன்னால் ஆஜர் செய்யப்பட்டார். வாள் தன்னுடையது என்று அங்கேயும் சொன்னார். இம்மாதம் 30ஆம் திகதி வரை விளக்கமறியல் சிறையில் வைக்க உத்தரவிடப்பட்டது.